செல்லம்மா ஏன் மெத்தையை நனைக்கிறாள்?

வாசகர் கடிதம்: டாக்டர், வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், 58 வயது. வீட்டில் நான்கு பூனைகள். செல்லம்மாவுக்கு 13 வயது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தவள். சிட்டு, பட்டு இரண்டும் 5 வயது அக்கா தங்கை. டைகர் 2 வயதுக் கடுவன். போன வருஷம் மகனும் மருமகளும் என்னோடு குடிவந்தபோது அவர்களோடு வந்தவன். எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. மூன்று மாதமாக மாடியில் மருமகளின் மெத்தை, துவைக்கப் போட்ட துணி, நடையில் கிடக்கும் கால்மிதி எல்லாம் நனைகிறது. செல்லம்மா மெத்தையில் உட்கார்ந்து போனதை மருமகள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். கீழே ஹாலில் கண்ணாடிக் கதவின் திரைச்சீலையிலும் நாற்றம். பின்பக்கச் சலவை அறையில் மூடி போட்ட இரண்டு மணல் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அண்டை வீட்டம்மா சொன்னபடி லாவெண்டர் வாசனை மணல் போடுகிறேன். ஜிக் பிளீச், ஜெயஸ் ஃபுளூயிட் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறேன். ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் நான்கு மாதக் கர்ப்பம். தீபாவளிக்கு முன் செல்லம்மாவை எஸ்.பி.சி.ஏ. விலங்குக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?

அன்புள்ள அம்மா,

செல்லம்மாவை எங்கேயும் கொண்டுபோய் விடவேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்குகிறேன். 13 வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்த பூனை, காப்பகக் கூண்டுக்குள் போனதும் தீனியைத் தொடாமல் சுருண்டு கிடப்பது அடிக்கடி நடக்கிறது. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து படுத்துவிடும். வயதான பூனையைக் கேட்டு வருகிறவர்களும் குறைவு.

அவளை அனுப்பிவிட்டால் வீடு சுத்தமாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. மாடியில் மெத்தை நனைவது ஒன்று, ஹாலில் திரைச்சீலை நாறுவது இன்னொன்று. இரண்டையும் செய்வது ஒரே பூனையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

எப்படிச் சொல்கிறேன் என்றால், பூனை மூத்திரம் போவதில் இரண்டு விதம் உண்டு. முட்டினால் குந்தி உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ துணியிலோ குளமாகப் போகும். அது சிறுநீர் கழிப்பது. நின்றபடி, வாலை நட்டுக்கொண்டு, வால் நுனி படபடக்க, சுவரிலோ திரையிலோ பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது அடையாளம் போடுவது. 'இது என் எல்லை' என்று எழுதிவைப்பது மாதிரி. முன்னது பெட்டியைப் பற்றிய பிரச்சினை, அல்லது உடம்பைப் பற்றியது. பின்னது பயத்தையும் போட்டியையும் பற்றியது. கருத்தடை செய்த கடுவன்களிலும் பத்தில் ஒன்று பீய்ச்சத்தான் செய்கிறது. பெட்டைகளில் அதைவிடக் குறைவு. எனவே திரைச்சீலைக்கு எனக்கு முதல் சந்தேகம் டைகர் மேல். செல்லம்மா செய்யாத தப்பையும் சேர்த்து அவள் தலையில் சுமத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஊகத்தை நம்பவேண்டாம், நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம். ஃபுளோரசீன் என்று ஒரு சாயம் இருக்கிறது, கண் மருத்துவத்தில் பயன்படுத்துவது. அதை ஒரு பூனைக்கு மட்டும் வாய்வழியாகக் கொடுத்தால், அடுத்த ஒரு நாள் அதன் மூத்திரம் புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். அளவைப் பூனையின் எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மகனின் பழைய செல்ஃபோனை ஹாலில் கண்ணாடிக் கதவைப் பார்த்து நிறுத்தி, இரண்டு இரவு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றை மாடிப்படியைப் பார்த்து வையுங்கள். அந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

ஏன் மாடிப்படி? உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்தின் மாடி வீடுகளை நன்றாகத் தெரியும். 1960களில் டர்பன் நகராட்சி வரிசை வரிசையாக ஒரே அச்சில் கட்டியவை. என் ஆயா (பாட்டி) நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டு அப்படி ஒரு வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். கீழே சமையலறையும் ஹாலும், மேலே படுக்கையறைகள், நடுவில் ஒரே ஒரு குறுகலான படி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டும். ஆயா வீட்டுப் பூனை அந்தப் படியின் நடுவில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அது வெயிலுக்காக உட்காருகிறது என்று நினைத்தேன். ஆண்டர்ஸ்டெபோர்ட்டில் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, பல வீட்டுப் பூனைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்த அதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். செல்லம்மா மாடியில் இருக்கிறாள். பெட்டிகள் கீழே, பின்பக்கத்தில். அவள் அங்கே போக வேண்டுமானால் படி இறங்கி, ஹாலையும் சமையலறையையும் தாண்டி, சலவை இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிற மூடிய பெட்டிக்குள் நுழைய வேண்டும். வழியில் 2 வயது டைகர். அவன் அவளை அடிக்கவே வேண்டாம். படியில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தால் போதும். மனிதக் கண்ணுக்கு இரண்டு பூனைகள் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். செல்லம்மாவுக்கு அது பூட்டிய கதவு. சீறல், முடி பறக்கும் சண்டை எதுவும் இல்லாமலே ஒரு பூனை இன்னொன்றை மாதக்கணக்கில் சிறை வைத்துவிடும்.

மூடி போட்ட பெட்டிக்கு ஒரே வாசல். உள்ளே இருக்கும்போது வெளியில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு தடவை டைகர் வாசலில் மறித்துப் பாய்ந்திருந்தால், அந்த ஒரு தடவை போதும். சலவை இயந்திரம் திடீரென்று உதறிச் சுழன்ற நேரத்தில் அவள் உள்ளே இருந்திருந்தாலும் அதே கதைதான். அப்புறம் அவளுக்கு முட்டும்போது, மாடியில் மெத்தென்று, மனித வாசனையோடு, நாலு பக்கமும் பார்த்துத் தப்பிக்கக்கூடிய இடம் எது? உங்கள் மருமகளின் மெத்தை. அது வன்மம் இல்லை, மருமகளைப் பிடிக்காததால் செய்வதும் இல்லை. இதை மருமகளிடம் நீங்களே சொல்லுங்கள் அம்மா. தன்னைத்தான் இந்தப் பூனை வெறுக்கிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் செல்லம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வாரமே. 13 வயதில் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். சிறுநீரகக் கோளாறும் சர்க்கரையும் நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கும், நிறைய மூத்திரம் போக வைக்கும். தைராய்டிலும் அப்படி ஆவதுண்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தப் படியைக் கடந்தவள் இப்போது ஆறு தடவை கடக்க வேண்டியிருக்கும். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், இந்த மூன்றும் கேளுங்கள். மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போகச் சிரமப்படவேண்டாம், மருத்துவரே சின்ன ஊசியால் எடுத்துக்கொள்வார்.

மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயது தாண்டிய பூனைகளை எக்ஸ்-ரே எடுத்தால் பெரும்பாலானவற்றில் மூட்டுத் தேய்மானம் தெரியும். அவை நொண்டாது, கத்தாது. முன்பு ஏறிய சன்னல் திண்டில் ஏறாமல் விடும், முதுகின் பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி திரித்துக் கிடக்கும், நகம் நீண்டு வளைந்திருக்கும். செல்லம்மாவிடம் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படியிறங்குவதும் உயரமான பெட்டி விளிம்பைத் தாண்டுவதும் அவளுக்கு வலி. ஒரு பூனைக்குப் பெட்டியில் வலித்தது என்றால் அது பெட்டியைத்தான் குற்றம் சொல்லும், மூட்டை அல்ல. வலிக்கிறதே என்று நம் பனடோ மாத்திரையைத் தூளாக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிராண்ட்-பா தலைவலித் தூளும் கூடாது. இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கிறது. பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை; பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

டைகரைப் பற்றியும் ஒன்று தெரிந்து வைத்திருங்கள், இப்போதைக்கு அவனுக்கு இல்லை என்றாலும். கடுவன் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய், குந்தி முக்கி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால், அல்லது அடிக்கடி அந்த இடத்தை நக்கிக்கொண்டு கத்தினால், காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் கொண்டுவந்த ஒரு கடுவனை நான் இழந்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்விகள் இன்னும் மனதில் இருக்கின்றன. இரவு எத்தனை மணி ஆனாலும் அவசர மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, இப்போது கழுவுவதற்கு வருகிறேன். ஜெயஸ் ஃபுளூயிடை இன்றைக்கே வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் அது இல்லாமல் முற்றம் கழுவினதாகவே ஆகாது, தெரியும். ஆனால் அதில் தாரிலிருந்து எடுக்கும் ஃபீனால் வகைச் சரக்கு இருக்கிறது. பூனை அதை மிதித்து, பாதத்தை நக்கினால் உள்ளே போகும். பாரசிட்டமாலைப் போலவே இதையும் அதன் ஈரலால் வெளியேற்ற முடியாது. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினிகளில் பலவும் இதே வகைதான், டெட்டாலும் சேர்த்து. ஜிக்கில் வேறு ஆபத்து. மூத்திரத்தில் அமோனியா உண்டாகும். அதன் மேல் பிளீச் ஊற்றினால் குளோரமின் என்ற நச்சுப் புகை எழும். சன்னல் சாத்திய அறையில், நான்கு மாதக் கர்ப்பிணி தூங்குகிற மெத்தையில், அது வேண்டவே வேண்டாம். போதாததற்கு, இவை எதுவும் பூனையின் மூக்குக்கு எட்டுகிற மூத்திர வாடையை முழுக்க எடுப்பதில்லை. நீங்கள் எவ்வளவு கழுவியும் 'இங்கேதான் போகணும்' என்ற எழுத்து அழியாமல் இருந்திருக்கிறது.

என்சைம் கலந்த சலவைத் தூள் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். மெத்தைக்குள் மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் இதுவும் போகணும், மேலாகத் துடைத்தால் பயன் இல்லை. கால் மணி நேரம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு தடவை ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் துடையுங்கள். கொழுப்புப் பிசுக்கை அது எடுத்துவிடும். சாயம் போகிறதா என்று ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கக் காயும்வரை மருமகளும் பூனைகளும் அந்த அறைக்கு வெளியே. இதற்கென்றே விற்கிற என்சைம் தெளிப்பானைப் பெட் ஷாப்பில் வாங்கினாலும் சரி. சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றி வாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலாக ஒளிரும். நீங்கள் நினைத்ததைவிட அதிகமான இடங்கள் தெரியும்; மனம் தளரவேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இனி பெட்டிகள். பூனை எத்தனையோ அத்தனையும் மேலே ஒன்றும், அதுதான் கணக்கு. உங்களுக்கு ஐந்து. நீங்கள் இரண்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பூனைக்கு அது ஒன்றுதான்: அந்த அறைக்குப் போகிற வழியை அடைத்தால் இரண்டும் அடைபடும். நான்கு பூனைக்கு ஒரு பெட்டி. ஐந்து பெட்டி வைக்க அந்த வீட்டில் எங்கே இடம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சிறிய வீட்டில் எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். மாடியில் இரண்டு, கீழே இரண்டு என்று நான்கிலேயே தொடங்குங்கள், ஆனால் நான்கும் நான்கு மூலையில். ஒரு பூனை ஒரு இடத்தில் உட்கார்ந்து இரண்டு பெட்டியைக் காவல் காக்க முடியாதபடி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் செல்லம்மாவை இரண்டு வாரம் உங்கள் அறையில் வைக்கச் சொல்லப்போகிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன். அவள் வெளியே நடமாடத் தொடங்கியதும், மாடியில் முதல் பெட்டியை இதுவரை அவள் போன இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மருமகளின் அறையிலேயே என்றால்கூட இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் அதில் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு ஒரு சாண் அளவுக்குத் தள்ளித் தள்ளி உங்கள் அறைக்கோ நடையின் மூலைக்கோ கொண்டுபோகலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றினால் மறுபடியும் மெத்தைதான்.

கடையில் பூனைப் பெட்டி என்று விற்பவை பெரும்பாலும் குட்டிகளுக்குத்தான் போதும். பூனையின் மூக்கிலிருந்து வாலின் அடி வரை அளந்தால், அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். கட்டிலுக்கு அடியில் துணி வைக்கிற பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், பூனைப் பெட்டியைவிட விலையும் குறைவு. செல்லம்மாவுக்கு ஒரு பக்கத்தை வெட்டி 6, 7 சென்டிமீட்டர் உயரத்தில் வாசல் விடுங்கள். வெட்டின ஓரம் காலைக் கிழிக்காமல் மணல் தாளால் தேய்த்துவிட மறக்க வேண்டாம். மூடிகளைக் கழற்றி வீசுங்கள். மூடி இருந்தாலும் கவலைப்படாத பூனைகள் நிறைய உண்டு. ஆனால் மறித்து விளையாடுகிற ஒரு கடுவன் இருக்கிற வீட்டில் மூடி ஒரு பொறி.

லாவெண்டர் மணல் நம் மூக்குக்காகச் செய்தது. நமக்கு லேசாக மணக்கிறது, அதற்குள் தலையை விட்டுக் குந்துகிற பூனைக்கு மூச்சு முட்டும். வாசனையே இல்லாத, நைசான, ஈரம் பட்டால் கட்டியாகிற களிமண் மணல் வாங்குங்கள். பாலைவனத்து வழிவந்த பிராணிக்குக் காலில் மணல் மாதிரி இருக்கவேண்டும். மர உருண்டைகளும் சிலிக்காப் படிகமும் சில பூனைக்கு ஒத்துக்கொள்கின்றன, ஆனால் மூட்டு வலிக்கிற காலுக்கு உருண்டை குத்தும். 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். செல்லம்மா முன்பு தோட்டத்தில் போய்ப் பழகியவளாக இருந்தால், ஆரம்பத்தில் ஒரு கைப்பிடித் தோட்ட மண்ணை மேலே தூவிப் பாருங்கள். சில பூனைகளுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. பழைய மணலை ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். கீழே சிட்டுவும் பட்டுவும் பழகிய மணலோடேயே இருக்கட்டும், புதியதை மாடியில் போடுங்கள், எது நனைகிறது என்று பூனைகளே சொல்லிவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை கட்டிகளை அள்ளுங்கள், காலையில் விளக்கேற்றும் நேரம் ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்று என்று வைத்துக்கொண்டால் விட்டுப்போகாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் கொட்டி, வாசனை இல்லாத சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினால் போதும். நம் பக்கம் தண்ணீர் திடீரென்று நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டதால், ஒரு தொட்டியைக் கூடுதலாகக் கழுவி வைத்திருங்கள், வாளித் தண்ணீரைச் சமையலுக்கு விட்டுவிடலாம்.

மருமகளைப் பற்றி. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்காகத்தான் கர்ப்பிணிகளை எச்சரிக்கிறோம். எச்சரிக்கை நியாயமானது, பயம் வேண்டாதது. ஒரு பூனை அந்தக் கிருமியை மலத்தில் வெளியிடுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம்தான். எலியையும் பறவையையும் பிடித்துத் தின்னாத, பச்சை இறைச்சி கொடுக்கப்படாத வீட்டுப் பூனைகளிடம் அது அரிது. மலத்தில் வந்தாலும் தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே தினமும் அள்ளினாலே பாதி ஆபத்து போய்விட்டது. அள்ளுகிற வேலையை நீங்களோ மகனோ செய்யுங்கள், மருமகள் தொடவேண்டாம். வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், தோட்ட மண்ணும்தான் இந்தக் கிருமி மனிதருக்கு வருகிற பெரிய வழி. கறிவேப்பிலை பறிக்கவோ கொத்தமல்லிப் பாத்தி கிளறவோ போனால் கையுறை போடட்டும், ஆட்டிறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். கிளினிக்கில் கேட்டால் அவளுக்கு ஏற்கெனவே இந்தத் தொற்று வந்து போயிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்தும் சொல்வார்கள். பூனைக்குட்டியை மடியில் வைத்துத் தடவுவதால் இது வராது.

இனி டைகர். அவனைக் கெட்டவன் ஆக்கவேண்டாம். அவன் ஒரு ஃபிளாட்டிலோ வீட்டிலோ ஒற்றைப் பூனையாக இருந்து, ஒரே நாளில் மூன்று பூனை இருக்கிற வீட்டுக்குள் வந்து இறங்கியவன். யாரும் அவனை மெல்ல மெல்ல அறிமுகம் செய்திருக்க மாட்டார்கள். குரங்குக்குப் பயந்து சன்னல்களையெல்லாம் சாத்தி வைக்கிற வீடுகளில் பூனைகளுக்குப் போக்கிடமும் இல்லை. ஹாலின் கண்ணாடிக் கதவு வழியாக அவன் என்ன பார்க்கிறான் என்று இரவில் ஒருமுறை கவனியுங்கள். பெரும்பாலும் முற்றத்தில் ஒரு ஊர்க் கடுவன் வந்து நிற்கும், கதவின் வெளிப்பக்கம் பீய்ச்சிவிட்டும் போகும். அதற்குப் பதில்தான் உங்கள் திரைச்சீலையில் இருப்பது. கண்ணாடியின் கீழ்ப் பாதியில் பார்வை மறைக்கிற ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், வெளிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள், முற்றத்தில் மீதித் தீனி வைப்பதை நிறுத்துங்கள். திரைச்சீலையைத் துவைத்த பிறகு அந்த இடத்தில் அவனுடைய தீனித் தட்டை வைத்துப் பாருங்கள். சாப்பிடுகிற இடத்தில் பூனை பீய்ச்ச விரும்பாது.

காலையும் மாலையும் பத்து நிமிஷம் மகன் அவனோடு விளையாடட்டும். குச்சியில் கட்டிய இறகு ஒன்று போதும். கடைசியில் அதைப் பிடிக்கவிட்டு, உடனே தீனி கொடுங்கள். களைத்து, வயிறு நிறைந்த கடுவன் படியில் காவல் காக்காமல் தூங்குவான். நான்கு தட்டையும் சமையலறையில் வரிசையாக வைக்கிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். செல்லம்மாவின் தட்டும் தண்ணீரும் மாடியிலேயே இருக்கட்டும், பெட்டிக்கு ஒட்டி மட்டும் வேண்டாம். படியின் நடுவில் டைகர் உட்காரும் இடத்தில் எதையும் தடுப்பாக வைக்காதீர்கள். அவனுக்கு வேறு உயரமான இடம் கொடுங்கள், ஹாலில் ஒரு அலமாரியின் மேல்தட்டில் பழைய போர்வை போட்டாலே ஏறிக்கொள்வான்.

முதல் இரண்டு வாரம் செல்லம்மாவுக்கு உங்கள் அறையைக் கொடுத்து, கதவைச் சாத்தி, தீனி, தண்ணீர், பெட்டி, உங்கள் பழைய சேலை ஒன்று, எல்லாம் உள்ளேயே வைத்துவிடச் சொல்கிறேன். இரவில் நீங்களும் அவளும் ஒரே அறையில். அது தண்டனை ஆகாது, அவளுக்கு அது விடுமுறை. அந்த இரண்டு வாரத்தில் அவள் பெட்டியிலேயே போனால் உடம்பும் பெட்டியும் சரி, வழிதான் தப்பு என்று தெரிந்துவிடும். மூன்றாவது வாரம் கதவைச் சிறிது நேரம் திறந்துவிடுங்கள், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது மட்டும். பூனைகளை அமைதிப்படுத்துகிற வாசனைச் சாதனம் ஃபெலிவே என்று மின்செருகியில் போடுவது கிடைக்கும். படியடியில் ஒன்று போடலாம். சில வீடுகளில் உதவுகிறது, சிலவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. பணம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு இரண்டு பெரிய தொட்டி வாங்குங்கள்.

நனைத்த இடத்துக்குப் பூனையை இழுத்துப்போய் மூக்கைத் தேய்ப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, கத்துவது எதையும் வீட்டில் யாரும் செய்யவேண்டாம். பயந்த பூனை பெட்டிக்குப் போகக் கற்காது, உங்கள் கண்ணில் படாமல் போகத்தான் கற்கும்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் மெத்தை காய்ந்து கிடக்கும் என்று நம்புகிறேன். ஆனால் பட்டாசு வாரத்தில் புதிதாக எதையும் மாற்றவேண்டாம், நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள் வெடிச் சத்தமும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இரவுகளில் செல்லம்மாவை உங்கள் அறையில், திரைகளை இழுத்துவிட்டு, பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நனைத்தாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், எவ்வளவு, நின்றபடியா உட்கார்ந்தபடியா என்று மட்டும் குறித்து வாருங்கள். மகனுக்கு அதைக் காட்டுங்கள். மூன்று மாதமாக எதிர்ப்பட்டதெல்லாம் நாற்றமாக இருந்த பிள்ளைக்கு, எண்ணிக்கை குறைகிறது என்பது தாளில் தெரிந்தால் பொறுமை வரும்.

இரத்தப் பரிசோதனைத் தாள் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். சிறுநீரகம் தாங்குகிறது என்றால் மூட்டு வலிக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரோடு பேசிச் சொல்கிறேன். தாங்கவில்லை என்றால் வேறு மருந்தும் வேறு தீனியும் பார்க்கவேண்டும். மாடிப்படி வீடியோவில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.